பட்டறையில் ஒரே நாற்காலி

1988 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. பம்பாய், தாராவி, தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், நாகூர் கனியின் தோல் பைப் பட்டறையில் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை.

சாயிரா சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் பச்சை எண்கள் ஓடி நின்றன. 'பீப்' என்று ஒரு சத்தம். பிளாப்பி போடும் வாயில் சிவப்பு விளக்கு எரிந்தது, எதையோ கடிக்கப் பார்த்துப் பல் வழுக்கினாற்போல ஒரு கரகரப்பு, பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி: தட்டு சரியில்லை, மாற்றிப் போட்டு ஏதாவது ஒரு எழுத்தை அடிக்கவும்.

அவள் பிளாப்பித் தட்டை வெளியே எடுத்து, பார்த்து, மறுபடி போட்டு, ஒரு எழுத்தை அடித்தாள். அதே வரி.

"என்னளா, பெட்டி இன்னும் முழிக்கலையா?" கீழேயிருந்து பெரிய வாப்பா முகைதீனின் குரல் ஏணிவழியாக ஏறி வந்தது. "பஜ்ரு தொழுகைக்கு எழுந்திரிக்காத புள்ளையில்லா அது. பத்து மணிக்கு மேலதான் எழுந்திரிக்கும்."

கீழே தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சாயிராவுக்கு இருபத்தி மூன்று வயது. நாகூர் கனியின் மூத்த மகள். அந்தப் பட்டறையில் தோல் வெட்டுகிறவர்களும் பசை தடவுகிறவர்களும் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். மிஷின்காரர்களுக்கு முக்காலி உண்டு. முதலாளிக்குக்கூட ஒரு மெத்தைத் துண்டுதான். முதுகைச் சாய்த்துக்கொள்கிற நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. அது தட்டுப்பரணில் கம்ப்யூட்டருக்கு முன்னால், சாயிராவுக்காகப் போடப்பட்டிருந்தது. அந்த நாற்காலி வந்து ஒரு மாதம். கம்ப்யூட்டருக்கும் அதே வயதுதான்.

அதற்கு முன்னால் பட்டறையின் வெளிநாட்டுக் கடிதங்களை மாதுங்காவில் நாணு என்ற ரிட்டயரான ஆபீஸ்காரர் டைப் அடித்துக் கொடுத்தார். தலைப்பும் கையெழுத்து இடமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். நடுவில் பெண்கள் பைக்குப் பதில் பள்ளிக்கூடப் பை என்று இருக்கும். ஜெர்மனிக்காரன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, நீங்கள் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தான். சாயிரா சயானில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். வாப்பாவை மூன்று வாரம் நச்சரித்தாள். லேமிங்டன் ரோட்டுக் கடைக்காரர் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தார். மாதம் முடிகிற திங்கட்கிழமை வண்டி வரும்; பிடிக்கவில்லையென்றால் எடுத்துப் போகும். அந்தத் திங்கட்கிழமை நாளை.

பெட்டி போனால் நாற்காலியும் போகும். சாயிரா வீட்டுக்குப் போவாள். இதை நாகூர் கனி சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் சத்தம் போடாமல் சொல்கிறவற்றைத்தான் பட்டறையில் எல்லோரும் கவனித்துக் கேட்பார்கள்.

காலையில் தாதருக்கு லைனிங் துணி பார்க்கப் புறப்பட்டபோது அவர் ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் பரணுக்குள் நீட்டி மகளைப் பார்த்தார். திரையில் அந்த ஆங்கில வரி நின்றது.

"இது என்ன சொல்லுது?"

"தட்ட மாத்திப் போடச் சொல்லுது வாப்பா."

"மாத்திப் போடேன்."

"மாத்திப் போட்டாலும் இதையேதான் சொல்லுது."

அவர் யோசித்தார். "இன்னைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் கடைக்காரர் வீட்டுக்குப் போன் பண்ணி எடுத்துக்கச் சொல்லிருவேன்." தலை கீழே இறங்கியது.

---

அணுசக்தி நகரிலிருந்து கணேசபாண்டியன் பதினொன்றரைக்கு வந்தார். பக்கத்து மருந்துக்கடை போனிலிருந்து சாயிராதான் கூப்பிட்டிருந்தாள். முப்பத்தைந்து வயது, அம்பாசமுத்திரத்துக்காரர், அணு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிகல் ஆபீசர். அவர் மனைவியின் கைப்பையில் ஜிப் போனபோது இந்தப் பட்டறையில் மாற்றிக்கொடுத்தார்கள்; காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு இங்கே ஒரு கடன் இருப்பதாக அவரே நினைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்தபிறகு அதைத் தீர்க்க வழி கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"வாரும் மாப்ள," என்றார் முகைதீன், கத்தியைக் கீழே வைக்காமல். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நாகூர் கனியின் அண்ணன். பட்டறையில் தோல் வெட்டுவது அவர்தான். அளவுகோல் பக்கத்தில் கிடக்கும், அவர் அதைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. "அணுவையே பொளக்குற எடத்துலயிருந்து ஆள் வந்தாச்சு. இந்தப் பெட்டியப் பொளக்க எம்புட்டு நேரம்?"

"பொளக்கத்தான் தேவையில்ல மாமா, தொறந்தாப் போதும்."

"நாங்க ஒரு மாசமா அதத் தொறக்காம கும்பிட்டுக்கிட்டுக் கெடக்கோம். ஏணியில ஏறும்போது செருப்பக் கழட்டிரும். அது ராணி இருக்குற எடம்."

கணேசபாண்டியன் உண்மையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. செருப்பில் தோல்தூள் ஏறும், மேலே போகக்கூடாது என்பது சாயிராவின் சட்டம். தூசி படக்கூடாது என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி, பட்டறை முழுவதற்கும் அது மனப்பாடம். மிஷின்காரர் கலீலுல்லா தன் டிபன் பாக்சைத் திறக்கும்போதுகூட "தூசி படக்கூடாது" என்று சொல்லித்தான் திறப்பார்.

கணேசபாண்டியன் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். மின்சாரக் கம்பியை அசைத்துப் பார்த்தார். ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்த்தார். கீழே தோலைச் சீவும் மிஷினை நிறுத்தச் சொன்னார். அது ஓடும்போது மின்சாரம் தாழ்கிறது என்பது அவர் சந்தேகம். நிறுத்தினார்கள். கம்ப்யூட்டர் அதே வரியைச் சொன்னது.

"மிஷினப் போட்டுரவா மாப்ள?" என்று கீழேயிருந்து முகைதீன். "இல்ல, ராணி ஒறங்குதாவளா?"

"போடுங்க மாமா."

பிறகு மூடியைக் கழற்றினார். உள்ளே அப்படியொன்றும் மோசமாக இல்லை. ஆனாலும் பழுப்புநிறத்தில் மெல்லியதாக ஒரு தூள் படிந்திருந்ததை அவர் விரலால் தொட்டு, மோந்து, வெற்றியோடு சாயிராவைப் பார்த்தார்.

"தோல்தூள். நான் நெனச்சேன்."

சாயிராவின் முகம் வாடிவிட்டது. ஒரு மாதம் காவல் காத்தும் எப்படி வந்தது?

அட்டைகளைக் கழற்றி அவற்றின் செம்புப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தார். வண்ணம் தீட்டும் தூரிகையால் துடைத்தார். வாயால் ஊதினார், தூள் அவர் கண்ணிலேயே விழுந்தது. கண்ணைக் கழுவ இறங்கி, ஏறி, எல்லாவற்றையும் மறுபடி பொருத்தி, சுவிட்சைப் போட்டார்.

எண்கள். பீப். கரகரப்பு. அதே வரி.

"மழையில காத்துல ஈரம் இருக்கு," என்றார் கணேசபாண்டியன், குரல் கொஞ்சம் இறங்கி.

"பசிக்குதோ என்னமோ," என்றார் கலீலுல்லா கீழேயிருந்து.

"அடிக்கச் சொல்லுதுன்னு காலையில சாயிரா படிச்சுச் சொன்னாள்லா," என்றார் முகைதீன். "அதுவே கேக்கும்போது ரெண்டு போடுங்களேன். எங்க உம்மா எங்கள அப்படித்தான் எழுப்புவாவ."

சாயிராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பெரிய வாப்பா, ப்ளீஸ். சுப் ரஹோ நா, கொஞ்சம் சும்மா இருங்க."

"சரிளா, சரி. நான் வாயத் தொறக்கல." சொன்னபடியே கால்மணி நேரம் அவர் வாயைத் திறக்கவில்லை. பட்டறைக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் கணேசபாண்டியனுக்கு ஒரு யோசனை வந்தது. முதலிலேயே வந்திருக்கவேண்டியது, ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஆசையை மீறி எளிதான யோசனைகள் யாருக்கும் சீக்கிரம் வருவதில்லை. தன் பையிலிருந்து காகித உறையில் போட்டிருந்த தன்னுடைய பிளாப்பியை எடுத்தார். சாயிராவின் தட்டை வெளியே எடுத்துவிட்டு அதைப் போட்டார்.

கம்ப்யூட்டர் கடித்தது, மென்றது, விழுங்கியது. தேதி என்ன என்று கேட்டது.

சாயிரா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். கீழே யாரோ கைதட்டினார்கள்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றார் கணேசபாண்டியன். "ஒங்க தட்டுதான் போயிருச்சு. வேற காப்பி இருக்கா?"

இருந்தது. அதையும் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் எழுப்பவில்லை. கடிதம் எழுதும் தட்டைப் படிக்க முயன்றபோது படிக்க முடியவில்லை என்று வந்தது.

"மூணுமேவா? தூசிதான்," என்றார் கணேசபாண்டியன் உறுதியாக. "தூசி ஒரு தட்டுல ஏறுச்சுன்னா அடுத்ததுக்கும் பரவும். பரவாயில்ல. என் தட்டுலயிருந்து உங்களுக்கு வேண்டியதைக் காப்பி எடுத்துக்கலாம். புதுத் தட்டு இருக்கா?"

இல்லை. வாப்பா தாதரிலிருந்து வரும்போது வாங்கிவருவதாகச் சொல்லியிருந்தார். வந்ததும் அவரையே பார்க்கவைத்து, பிறகு காப்பி எடுப்பதென்று முடிவாயிற்று. பெட்டியை அணைத்தார்கள். சாப்பாட்டு நேரம்.

---

வீட்டிலிருந்து பிரியாணி வந்திருந்தது. எல்லோரும் கீழே உட்கார்ந்தார்கள். கணேசபாண்டியன் தன் பிளாப்பியையும் கையோடு இறக்கிக்கொண்டு வந்தார். ஆனால் சாப்பிடும் இடத்தில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

"இங்க குடும் மாப்ள," என்றார் முகைதீன். கையைத் துடைத்துவிட்டு எழுந்து, ஏணிமேல் நின்று, சாயிராவின் மேசையிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்துவந்தார்.

அந்த உறை முந்தினநாள் சாயங்காலம்தான் மேசைக்கு வந்தது. மாடு அல்ல, கன்று, கருஞ்சிவப்பு நிறம், நாலு பிளாப்பி கச்சிதமாக நுழைகிற அளவு. தையல் கையால் போட்டது. உள்பக்கம் ஆட்டுத்தோலின் மெல்லிய, பஞ்சுபோன்ற லைனிங். மேல்மூடியில் இத்தாலிக்காரன் மாதிரிக்கென்று அனுப்பிய புதுவகைப் பட்டன். அழுத்தவேண்டியதில்லை, பக்கத்தில் கொண்டுபோனாலே 'டக்'கென்று தானாகப் பூட்டிக்கொள்ளும். சாயிரா மேசைமேல் அதைப் பார்த்துவிட்டு, "பெரிய வாப்பா, இது எனக்கா?" என்று கேட்டபோது, "ஒனக்கு ஏன்? சும்மா ஒரு துண்டு கெடந்துச்சு. தூசி படக்கூடாது, தூசி படக்கூடாதுன்னு ஒரு மாசமா எங் காதத் தின்னுட்ட. இனிமே படாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சும்மா கிடந்த துண்டில் யாரும் இரட்டைத் தையல் போடமாட்டார்கள் என்பது பட்டறைக்குத் தெரியும். அன்று ராத்திரியே சாயிரா தன் மூன்று தட்டையும் அதில் போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

முகைதீன் கணேசபாண்டியனின் பிளாப்பியை அதில் நுழைத்து மூடியைச் சாய்த்தார். டக்.

"அடேயப்பா," என்றார் கணேசபாண்டியன். வாங்கித் திறந்தார், மூடினார். டக். இன்னொருமுறை. டக். "இது நம்ம நிலையத்துல பெரிய சயின்டிஸ்டுகள்ட்டகூட கெடையாது மாமா."

"அவியளுக்கு வேணும்னாச் சொல்லும். பெட்டியத்தான் எனக்குப் பிடிக்காது. அதுக்குச் சட்டை தைச்சுக் கொடுக்குறதுல என்ன?"

---

மதியத்து லுஹர் தொழுகையை முடித்துவிட்டு நாகூர் கனி லைனிங் துணியோடும் ஒரு பெட்டி புதுப் பிளாப்பியோடும் வந்தார். செய்தி ஏற்கனவே சந்துமுனையில் அவரை எதிர்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் பரணுக்கு ஏறி, மெத்தை இல்லாததால் ஒரு லைனிங் சுருளின்மேல் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் முகைதீனும் ஏறிவந்து ஏணிப் பக்கத்தில் நின்றார்.

"காட்டுங்க பாப்போம்."

கணேசபாண்டியன் உறையைத் திறந்து, தன் பிளாப்பியை எடுத்து, கல்யாண வீட்டில் தாலியை எடுத்துக் கொடுக்கிற பெரியவர் மாதிரி நிதானமாக நுழைத்தார். சாயிரா சுவிட்சைப் போட்டாள்.

எண்கள். பீப். கரகரப்பு.

தட்டு சரியில்லை, மாற்றிப் போட்டு ஏதாவது ஒரு எழுத்தை அடிக்கவும்.

கணேசபாண்டியன் ஒரு எழுத்தை அடித்தார். பிறகு வேறொரு எழுத்தை. பிறகு தட்டை எடுத்து அதன் முதுகைப் பார்த்தார், ஏதோ தன் சொந்தப் பிள்ளை தெருவில் தன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டதுபோல.

"ஒரு மணிக்கு ஓடுச்சு பாய்," என்றார். "எல்லாரும் பாத்தாங்க. சாயிரா, பாத்தீங்கள்லா?"

"ஓடுச்சு வாப்பா. தேதி கேட்டுச்சு."

"அதாவது," என்றார் நாகூர் கனி மெதுவாக, "நான் இல்லாதப்போ ஓடும். நான் வந்தா நிக்கும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு விருந்தாளி தட்ட வேற தின்னுட்டு. போதும்மா. அசர் வரைக்கும்னு சொன்னேன். அதுக்கப்புறம் போன் பண்ணிருதேன். அதுக்குள்ள எடுத்துக் கட்டி வச்சிருங்க."

எதிர்த்துப் பேசச் சாயிராவிடம் இருந்தது மூன்று செத்த தட்டும், விருந்தாளியின் நாலாவது செத்த தட்டும்தான். மேசையை ஒதுக்கத் தொடங்கினாள். காகிதங்களை அடுக்கினாள். தட்டுகளை உறைக்குள் வைத்து மூடி, அதைக் குண்டூசி டப்பாவின்மேல் வைத்துவிட்டு, நாற்காலியில் தொங்கிய துப்பட்டாவை எடுத்தாள். பிறகு உறையைத் தூக்கினாள்.

டப்பாவிலிருந்த குண்டூசிகளில் பாதி உறையோடு எழுந்து வந்தன. பட்டன் இருந்த இடத்திலிருந்து கொத்தாகத் தொங்கின. முகைதீனின் தாடி அளவுக்கு இருந்தது.

சாயிரா அதையே பார்த்தாள். சயானில் முதல்நாள் வகுப்பில் மாஸ்டர் பலகையில் எழுதிப்போட்டது நினைவுக்கு வந்தது: பிளாப்பிக்கு ஆகாதவை. வெயில், தண்ணீர், விரல், காந்தம். அன்றைக்குப் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடம் அவள், காந்தம் யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்திருந்தாள். தட்டில் எழுதியிருப்பதெல்லாம் காந்தத்தால் எழுதினது. இன்னொரு காந்தம் பக்கத்தில் வந்தால் ஈரக்கையை வைத்த கரும்பலகை மாதிரி அழியும். அதிலும் கம்ப்யூட்டரை எழுப்பும் எழுத்து தட்டின் வெளியோரத்தில்தான் இருக்கிறது, சரியாக மூடி மடிகிற இடத்தில்.

அவள் பெரிய வாப்பாவைப் பார்த்தாள். அவர் குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணேசபாண்டியனும் பார்த்துவிட்டார். சாப்பிடும்போது இரண்டு முறை 'டக்' போட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தவர்போல் அவர் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"காந்தம்," என்றாள் சாயிரா. "இந்தப் பட்டனுக்குள்ள காந்தம் இருக்கு. அதான் அழிச்சிருச்சு."

நாகூர் கனி லைனிங் சுருளிலிருந்து எழுந்தார். உறையை வாங்கினார், குண்டூசிகளைத் தட்டிவிட்டார். அவை திரும்பி வந்து ஒட்டின. பிறகு அண்ணனைப் பார்த்தார். ஒரு மாதமாக அந்தப் பெட்டியை வாய் ஓயாமல் கேலி செய்துகொண்டிருந்த அண்ணன். பெட்டி போகவேண்டிய நாளுக்கு முந்தினநாள் பரிசு கொடுத்த அண்ணன்.

"காக்கா," என்று அண்ணனைக் கூப்பிட்டார், குரலை இறக்கி. "வேணும்னே செஞ்சியளா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு கீழே மிஷின்கள்கூட நின்றன. முகைதீன், "ஏணியப் பிடிங்கப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கத் திரும்பினார்.

"வாப்பா, இதப் பாருங்க." சாயிரா உறையைப் பிடுங்கி உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "இது என்ன தோலு?"

"ஆட்டுத்தோலு."

"எந்த ஆட்டுத்தோலு?"

நாகூர் கனி விரலால் தடவினார். பட்டறைக்காரர், தடவினதுமே தெரிந்தது. இத்தாலி மாதிரிக்கென்று ஒதுக்கிவைத்திருந்த முதல்தரம்.

"வேணும்னே கெடுக்குறவன் உள்ள இந்தத் தோலு வச்சுத் தைப்பானா? வெளியத் தெரியாத எடத்துல ரெட்டைத் தையல் போடுவானா? வாப்பா, பெரிய வாப்பா என் நிக்காஹ் வரும்போது கொடுக்கன்னு தச்சு வச்சிருக்குற கைப்பையில கூட இப்படி லைனிங் கிடையாது. ஏன் இல்லன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

நாகூர் கனி உறையை மூடினார். டக். திறந்தார். மறுபடி உள்பக்கம் தடவினார்.

"அந்த நல்ல தோலையா எடுத்திய?" என்றார் அண்ணனைப் பார்த்து. குரல் மாறியிருந்தது.

"ஓரத்துலதான் எடுத்தேன்," என்றார் முகைதீன் ஏணியின் இரண்டாவது படியிலிருந்து. "நடுவுல தொடல."

"வாயால ஒரு மாசமா வெரட்டுனிய. அதுக்குப் பெட்டி போகல," என்றாள் சாயிரா. "அன்பா ஒரு சட்டை தச்சுக் கொடுத்திய. ஒரே ராத்திரியில போயிருச்சு."

முதலில் சிரித்தவர் கலீலுல்லா. அப்புறம் முகைதீனே சிரித்தார். அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கினதும் கணேசபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தூசி என்று தான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் இன்னொரு காப்பி இருக்கிறது, கடிதம் எழுதுகிற தட்டும் இருக்கிறது, போய் எடுத்துவந்துவிடலாம்.

"அசருக்குள்ள வந்துருவியளா?" என்றாள் சாயிரா.

"பஸ் கிடைச்சா."

"நானும் வாரேன்," என்றார் முகைதீன். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "இவரத் தனியா விட்டா வழியில வேற எதுலயாவது போட்டு டக்கு டக்குனு வெளையாடுவாரு."

---

அசருக்குப் பாங்கு சொல்லும்போது அவர்கள் வரவில்லை. நாகூர் கனி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். ஏணிப் பக்கம் பார்த்தார். கம்ப்யூட்டர் கட்டப்படாமல் மேசைமேலேயே இருந்தது. சாயிரா துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தொழுதுட்டு, மருந்துக்கடையில போன் பண்ணிட்டு வாரேன்," என்றார்.

பள்ளிவாசல் மூன்று நிமிட நடை. மருந்துக்கடை பட்டறைக்கு அடுத்த வாசல். அன்று அவர் தொழுது முடித்து, வெளியே வந்து, ஒரு ஈரானிக் கடையில் டீ குடித்து, குடிக்கும் பழக்கமில்லாத இரண்டாவது டீயையும் குடித்து, பிள்ளையார் பந்தலுக்கு மூங்கில் கட்டுவதைக் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். மருந்துக்கடைக்காரர் போனை நீட்டியபோது, "நம்பர் மறந்துட்டு. வீட்டுல இருக்கு," என்றார். நம்பர் அவர் சட்டைப்பையில் இருந்தது.

அவர் வாசலை மிதிக்கும்போதுதான் மற்ற இருவரும் சந்துக்குள் திரும்பினார்கள். முகைதீன் முன்னால் வந்தார். இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவில் தட்டுகளை வைத்து, நூலால் கட்டி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் தளும்பிவிடும் என்பதுபோல நடந்துவந்தார்.

"பஸ்ஸுல உக்கார மாட்டேன்னுட்டாரு," என்றார் பின்னால் வந்த கணேசபாண்டியன். "ஸ்பீக்கர்லயும் காந்தம் இருக்கும்னு தெரியாம சொல்லிட்டேன். செம்பூர்ல ஒருத்தர் டிரான்சிஸ்டரோட ஏறுனாரு. அவர அடுத்த ஸ்டாப்புலயே எறங்க வச்சிட்டாரு."

"எறங்கச் சொல்லல. பின்னால போகச் சொன்னேன். அவன்தான் எறங்கிட்டான்."

"ஒரு அம்மா எழுந்து எடம் குடுத்தாங்க. சயான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேன்னு நெனச்சுட்டாங்க. யாருக்கு என்னன்னு கேக்காங்க. மாமா என்ன சொன்னாருங்கீங்க? 'எங்க வீட்டுப் புள்ளைக்கு'ன்னாரு. அந்தம்மா அல்லாட்ட துவா கேக்குறேன்னு சொல்லிட்டுப் போகுது."

"கேட்டா நல்லதுதான மாப்ள," என்றார் முகைதீன். கையைத் தாழ்த்தாமல் ஏணியில் ஏறினார். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயிரா நூலை அவிழ்த்து, தட்டை நுழைத்து, சுவிட்சைப் போட்டாள். எண்கள் ஓடின. பீப். சிவப்பு விளக்கு. கம்ப்யூட்டர் கடித்தது, மென்றது, தேதி என்ன என்று கேட்டது.

அவள் தேதியை அடித்தாள். பிறகு அன்று வாப்பா வாங்கிவந்த புதுத் தட்டுகளில் ஒன்றை எடுத்துக் காப்பி எடுத்தாள். பிறகு இன்னொன்றில். மூன்றாவதை எடுத்தபோது முகைதீன் கேட்டார்: "எத்தன எடுக்கப் போற?"

"ஒங்களுக்குத் தெரியாத எடத்துல வைக்க ஒண்ணு, பெரிய வாப்பா."

முகைதீன் காலி அட்டைத் துண்டுகளைச் சேர்த்து நூலால் திரும்பக் கட்டத் தொடங்கினார்.

"ஒரு கடிதாசி அடி பாப்போம்," என்றார் நாகூர் கனி. அவள் அடித்தாள். அவர் வரி வரியாகப் படித்தார். அதில் பெண்கள் பை பெண்கள் பையாகவே இருந்தது.

---

திங்கட்கிழமை காலை லேமிங்டன் ரோட்டுக் கடையின் வண்டி வந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினார். அழிந்துபோன ஒரு மாதத்துக் கடிதங்களைச் சாயிரா காகித நகல்களைப் பார்த்து மறுபடி அடித்தாள். முகைதீன் வேறொரு உறை தைத்தார். அதற்குப் பட்டனுக்குப் பதில் தோல் நாடா. பழைய உறையைக் கணேசபாண்டியனின் மனைவி சாவிக்கொத்து வைக்க வாங்கிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நாகூர் கனி குர்லாவிலிருந்து இரண்டாவது நாற்காலி ஒன்று வாங்கி வந்து வெட்டுமேடைக்குப் பக்கத்தில், அண்ணனுக்கென்று போட்டார். முகைதீன் அதில் உட்காரவில்லை. சட்டையைக் கழற்றித் தொங்கப்போட வைத்துக்கொண்டார்.